முகப்புப் பக்கத்தில் குத்துவிளக்கு

தாம்பரம் பக்கத்தில் எந்தக் காரியத்தைத் தொடங்கவும் முதலில் ஒரு தலைவர் வேண்டும். அப்புறம் செயலாளர், பொருளாளர், இந்த மூவரையும் பிடிக்காதவர்களைச் சமாதானப்படுத்த நாலைந்து துணைத்தலைவர்கள். காரியம் என்று ஒன்று பிறகு மெதுவாகக் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த முறைப்படி உண்டானதுதான் தென்புறநகர்ச் சிறுவணிகர் இணைய முன்னேற்றப் பேரவை. ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பேரவை பிறந்தபோது நிர்வாகிகளில் ஒருவரிடமும் கம்ப்யூட்டர் இல்லை. அதை ஒரு குறையாகவும் யாரும் நினைக்கவில்லை.

அக்தர் அதில் சேர்ந்ததற்குக் காரணம் வயிறு. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் அவர் ஸ்கூல் பை தைத்து விற்கிறார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் தைத்து ஜூனில் விற்றால்தான் மற்ற மாதங்களில் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அவர் பையில் ஒரு விசேஷம் உண்டு. டிபன்பாக்ஸுக்கென்று ஒரு தனி அறை, உள்ளே ரெக்சின் வைத்துத் தைத்தது. சாம்பார் மொத்தமாகக் கவிழ்ந்தாலும் புத்தகத்துக்கு ஒரு சொட்டுப் போகாது. இந்த யோசனை அவர் மனைவி ஷபீனாவுடையது. மூன்று பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை மொட்டை மாடியில் காயப்போட்ட அனுபவத்தில் பிறந்தது.

ஆனால் ஊரில் இப்போது பெரிய கடைகள் வந்துவிட்டன. பளபளவென்று பொம்மைப் படம் போட்ட பைகள் அங்கே கொக்கியில் தொங்கின. அவை தீபாவளி வரைக்கும் தாங்காது. ஆனால் அது தீபாவளிக்குப் பிறகுதானே தெரியும்? போன வருஷம் அக்தரின் பைகளில் பாதி பரணுக்குப் போயின. தையல்காரர்களில் இரண்டு பேர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த ஜூனும் அப்படியே போனால் மெஷின்களை விற்றுவிட்டு நாமும் ஒரகடம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். ஷபீனாவுக்கும் தெரியும். அதனால் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இந்த நேரத்தில்தான் பேரவைத் தலைவர் சுந்தரராமன் கடை கடையாக ஏறி உறுப்பினர் சேர்த்தார். கிழக்குத் தாம்பரத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். சாதாரணமாக ஒரு டம்ளரை எடுத்துக் காட்டும்போதுகூட மேடையில் நிற்பதுபோல்தான் பேசுவார்.

"இனிமேல் கடையைத் தேடி வாடிக்கையாளர் வரமாட்டார் பாய்! வாடிக்கையாளரைத் தேடிக் கடை போகும். உலகம் முழுவதும் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் போவேன்!" என்றார்.

கடைசி வாக்கியத்தை அக்தர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

உறுப்பினர்களுக்கு வலைத்தளம் உருவாக்கும் பொறுப்பு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் பிரவுசிங் சென்டர் நடத்திய ஆரோனிடம் போனது. அவன் முதலில் அக்தருக்குச் செய்த பக்கம் ரொம்பச் சின்னது. பையின் படம், விலை, கடை ஃபோன் நம்பர், அவ்வளவுதான். கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. செயற்குழு அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தது.

"என்னப்பா இது?" என்றார் தலைவர். "திறந்த உடனே பையா?"

"பை விக்கறதுக்குத்தானே சார் சைட்டு?" என்றான் ஆரோன்.

"ஒரு கல்யாணத்துக்குப் போறோம். வாசல்லயே இலையைப் போட்டுச் சோத்தைக் கொட்டுவாங்களா? பன்னீர் தெளிக்க வேணாம்? சந்தனம் வேணாம்? வாங்கன்னு கூப்பிட ஆள் வேணாம்? முறைன்னு ஒண்ணு இல்லையா?"

முறை எப்படி என்று தெரிவதற்காகப் பேரவையின் ஆண்டுவிழா அழைப்பிதழை ஆரோன் கையில் கொடுத்தார்கள். அவன் அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே தளத்தைக் கட்டினான். முகப்பில் ஒரு குத்துவிளக்கு. ஐந்து திரிகளும் ஒவ்வொன்றாக எரியும். அடுத்து மும்மதப் பிரார்த்தனை, எந்த மதமும் மற்றதைவிட ஒரு நொடி கூடவோ குறையவோ இல்லாமல். பிறகு செயலாளரின் குரலில் வரவேற்புரை. அது முடிந்ததும் நிர்வாகிகளின் படங்கள் மொபைல் நம்பரோடு ஒவ்வொன்றாக எழும்பும். ஒவ்வொரு படத்தின் தோளிலும் இடமிருந்து வலமாக ஒரு பொன்னாடை வந்து விழும். கடைசியில் நன்றியுரை. நன்றியுரைக்குக் கீழே, நுணுகிப் பார்த்தால், 'பொருட்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கும்.

படங்கள் சாதாரணப் படங்கள் அல்ல. ஆண்டுவிழாவுக்கு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரின் படங்கள். முப்பது அடி அகலத்துக்கு அச்சடிப்பதற்காக எடுத்தவை. தலைவரின் மூக்கில் உள்ள மச்சம் மட்டுமே ஒரு சின்ன வலைத்தளத்தின் எடை இருக்கும் என்று ஆரோன் பிறகு அக்தரிடம் சொன்னான்.

இதெல்லாம் நிர்வாகிகளுக்குக் கொஞ்சமும் தெரிய வாய்ப்பில்லை. பேரவை அலுவலகத்துக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் தளம் முழுவதையும் ஆரோன் உள்ளேயே ஏற்றி வைத்திருந்தான். அங்கே தட்டியவுடன் விளக்கு எரிந்தது, பொன்னாடை பறந்து வந்தது. தலைவர் தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து தனக்குப் பொன்னாடை விழுவதை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஏப்ரல் கடைசியில் அக்தர் கடைக்கு ஒரு ஃபோன் வந்தது.

"அக்தர் பேக்ஸா? நான் சாராள் பேசறேன், படப்பையிலேர்ந்து. இங்க புதுசா ஆரம்பிச்சிருக்கிற ஸ்கூலோட ஹெச்.எம். உங்க பையில சாம்பார் கொட்டாதாமே? எங்க டீச்சர் ஒருத்தங்க சொன்னாங்க."

"கொட்டும் மேடம். புக்குல படாது."

"அதுதான் எனக்கு வேணும். ஜூன்ல அறுநூறு பிள்ளைங்க வராங்க. எல்லாருக்கும் ஒரே பை."

அறுநூறு என்று கேட்டதும் அக்தர், எதிரே பைகளுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்த ஷபீனாவைப் பார்த்து வாயசைத்தார். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"இப்பவே ஒரு பையை எடுத்துகினு வந்துடறேன் மேடம். படப்பை இன்னா, பக்கம்தான்."

"ஐயோ, வந்துடாதீங்க! வியாபாரிங்களை கேட்டுக்குள்ளயே விடக்கூடாதுன்னு ட்ரஸ்டிங்க ரூல் போட்டிருக்காங்க. நாங்க எல்லாத்தையும் இன்டர்நெட்ல பார்த்துத்தான் வாங்கறோம். ப்ராஸ்பெக்டஸ்லயே அதைப் போட்டிருக்கு. உங்களுக்கு வெப்சைட் இருக்குதாமே?"

"கீது மேடம்!" என்றார் அக்தர், பெருமையுடன். வாழ்க்கையில் அந்தத் தளத்தைப் பற்றி அவர் பெருமைப்பட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் அதே குரல் மறுபடியும் கூப்பிட்டது. "அக்தர், சைட்டைத் திறந்தேன். ஒரு விளக்கு எரியுது."

"எரியும் மேடம். அதான் முறை."

"மூணாவது திரியோட நின்னுடுச்சு. நான் போய் ரெண்டு பேருக்கு அட்மிஷன் போட்டுட்டு வந்தேன். நாலாவது எரிஞ்சிட்டிருக்கு. பை எப்ப வரும்?"

அக்தர் என்ன சொல்வார்? சீக்கிரம் வந்துவிடும் என்றார். மே மாத நடுவில் ட்ரஸ்டிகள் கூடுவதாகவும் அதற்குள் அவர்கள் கண்ணில் பையைக் காட்டிவிட வேண்டுமென்றும் சாராள் சொல்லி வைத்தார்.

அக்தர் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஓடினார். பையின் படத்தை மட்டும் அந்தம்மாவுக்கு ஒரு மெயிலில் அனுப்பிவிடு என்று ஆரோனிடம் கெஞ்சினார்.

"அண்ணா, நம்ம பேக்கரி எட்மண்ட் அங்கிளோட கேக் படத்தை ஒரு கஸ்டமருக்கு மெயில்ல அனுப்பினேன். அதுக்கே மெமோ கொடுத்துட்டாங்க. உறுப்பினர் பொருள் பேரவை முகப்பு வழியாத்தான் வெளிய போகணுமாம். இன்னொரு வாட்டி செஞ்சா கான்ட்ராக்ட் கட்" என்றான் ஆரோன்.

"அப்ப இதுக்கு இன்னாதான்டா வழி?"

"ரொம்ப சிம்பிள்ணா. தலைவருங்க படத்தையெல்லாம் சின்ன சைஸாக்கிட்டா போதும். ஸ்க்ரீன்ல பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வெயிட்டு மட்டும் குறைஞ்சிடும். டக்குனு தொறக்கும். எனக்கு அரை மணி நேர வேலை."

அந்த அரை மணி நேர வேலைக்கு அனுமதி வாங்க அவசரப் பொதுக்குழு கூட்டப்பட்டது. கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, உறுப்பினர்கள் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு. அக்தரும் ஷபீனாவும் வெயிலில் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். விளக்கேற்றி, பிரார்த்தனை முடிந்து, வரவேற்புரை ஆற்றி, நிர்வாகிகளுக்கு நிர்வாகிகள் பொன்னாடை போர்த்தி முடித்தபோது பாதிப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார்கள். அக்தர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். படங்களைச் சின்னதாக்க வேண்டும் என்றதும் தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

"சின்னதாக்கறதுன்னா? யாரை?" என்றார் தலைவர்.

"ஆளை இல்ல சார், படத்தை."

"முதல்ல யார் படத்தை?" என்றார் பொருளாளர் துரைராஜ். "என் படத்துலேர்ந்து ஆரம்பிப்பீங்க. தெரியும் எனக்கு. இங்க நான் ஒருத்தன்தான் இளிச்சவாயனா?"

"எல்லார் படத்தையும்தான் சார்."

"தலைவர் படமும் என் படமும் ஒரே அளவா ஆயிடும்னா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் ஒரு துணைத்தலைவர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்பதை அக்தரால் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு நாற்காலி மடங்கியதும், மைக்கை யாரோ பிடுங்கியதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அமைதி திரும்பியதும் தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே! வேகம் வேண்டும் என்கிறார்கள். நான் கேட்கிறேன், யாருக்கு அவசரம்? என்னைப் பார்க்கப் பொறுமை இல்லாதவன் ஒரு பையை வாங்கி என்ன சாதித்துவிடப் போகிறான்? இருபது வருஷமாக என் கடையில் வாடிக்கையாளர்களை நான் காக்க வைக்கிறேன். ஒரு குக்கரை எடுத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆக்குகிறேன். ஏன்? அப்போதுதான் கடையில் எப்போதும் கூட்டம் இருப்பதுபோல் தெரியும்! இருந்தாலும், தம்பி அக்தர் ஆசைப்பட்டுவிட்டார். வேகத்தை நாம் புறக்கணிக்கப் போவதில்லை. வேகத்துக்கு ஒரு குழு அமைப்போம்!"

கைதட்டல் கட்டடத்தைத் தூக்கியது. அக்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சேலையூரில் பேக்கரி வைத்திருக்கும் எட்மண்ட். பேரவையில் அக்தருக்கு இருந்த ஒரே நண்பர் அவர்தான். தட்டிக்கொண்டே காதோரம் சொன்னார்: "பாய், கிறிஸ்துமஸுக்கு என் கேக்கைத் தேடி உள்ள நுழைஞ்சவங்க சில பேரு இன்னும் வெளிய வரலை. ஈஸ்டருக்காவது வருவாங்களான்னு பார்த்தேன்."

வேக ஆய்வுக் குழுவில் ஐந்து பேர். ஐவரும் வேகத்தை நேரில் ஆராய்வதற்காகக் கொடைக்கானல் போனார்கள். ஏன் கொடைக்கானல் என்று கேட்ட எட்மண்டுக்கு, வளைவில்தான் வேகத்தின் அருமை தெரியும் என்று பதில் கிடைத்தது. குழு திரும்பி வந்தபோது எல்லோர் கையிலும் ஹோம்மேட் சாக்லேட்டும், குழுத் தலைவர் கையில் அறிக்கையும் இருந்தன. காத்திருக்கும் வாடிக்கையாளர் காத்திருப்பதை உணராதபடி நாதஸ்வரம் வாசிக்கப்பட வேண்டும். வந்தவருக்கும் மரியாதை செய்ததாக இருக்க வேண்டும் என்பதால் முகப்பில் ஒரு ரிப்பன் கட்டி, அவரே கத்தரிக்கோலை நகர்த்தி அதை வெட்டித் திறக்கும்படி வைக்க வேண்டும். வேகம் யாரால் கூடியது என்பதை உலகம் அறிய குழுவினர் ஐவரின் படங்களும் சேர்க்கப்பட வேண்டும். அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது.

ஆரோன் எல்லாவற்றையும் சேர்த்தான். அவன் முகத்தைப் பார்க்க அக்தருக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் இருவரும் உட்கார்ந்து தளத்தைத் திறந்து பார்த்தார்கள். ரிப்பன் வந்தது. கத்தரிக்கோல் வரவில்லை. கரண்ட் போய்விட்டது.

ட்ரஸ்டிகள் கூடும் வாரம் வந்துபோனது. கடை ஃபோன் அடிக்கவில்லை. தெரு தெருவாகத் தோண்டிப் போட்டிருந்ததில் லைன் ஏதும் போய்விட்டதோ என்று அக்தர் அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். லைன் உயிரோடுதான் இருந்தது. அவராகவே பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டபோது, வியாபாரிகளோடு ஃபோனிலும் பேசுவதில்லை என்று வாட்ச்மேன் வைத்துவிட்டார். ஷபீனா, ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் வெட்டி வைத்த ரெக்சின் துண்டுகளை மடித்து மடித்து அடுக்கினாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்தர் வெளியே போய் நின்றார்.

வேகத் திறப்பு விழா ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இதற்கும் குடும்பத்தோடு வர வேண்டும் என்றார்கள். ஷபீனா, எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். அக்தர் மட்டும் போனார். சடங்குகள் எல்லாம் முடிந்து, தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இணையத்தால் விற்பனை கூடுமா என்று சிலர் கேட்டார்கள். இதோ பதில்! நம் தளத்தின் மூலம், ஒரே ஒரு ஆர்டரில், அறுநூறு ஸ்கூல் பைகள் விற்பனையாகியிருக்கின்றன!"

அக்தர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முன்வரிசைக்காரர்கள்கூட அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அந்த ஆர்டர் யாருக்குக் கிடைத்தது தெரியுமா?" என்று தலைவர் ஒரு கணம் நிறுத்தினார். "எனக்கு!"

கைதட்டல் ஓய்வதற்குள் படப்பைப் பள்ளியின் தலைமை ஆசிரியை சாராளை மேடைக்கு அழைத்து, இணையத்தில் வாங்கிய முதல் வாடிக்கையாளர் என்று ஒரு எவர்சில்வர் குடத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் குடத்தை இடுப்பில் வைப்பதா கையில் பிடிப்பதா என்று தெரியாமல் இறங்கி வந்தார். படிக்கட்டின் கீழே அக்தர் நின்றிருந்தார்.

"மேடம், நான்தான் அக்தர்."

"நீங்களா? ட்ரஸ்டிங்க சொன்ன தேதிக்கு முன்னாடியே கூடிட்டாங்க. உங்க பக்கத்தைத்தான் அவங்க எதிர்ல திறந்தேன். இந்த சார் படம்தான் வந்துச்சு. பெரிசா. ரொம்ப நேரம் அதுவே இருந்துச்சு. கடைக்கு ஃபோன் பண்ணினேன், யாரும் எடுக்கலை. அன்னிக்கு மத்தியானம் பூரா அடிச்சேன்."

எந்த மத்தியானம் என்று கேட்டார் அக்தர். அவர் சொன்னார். பேரவையில் வேகத்தைப் பற்றிப் பேச அக்தர் கடையைச் சாத்திய அதே மத்தியானம்.

"சரி, படத்துக்குக் கீழ ஒரு மொபைல் நம்பர் இருக்கேன்னு அதுல கூப்பிட்டேன். இவர்தான் அக்தர்னு நெனச்சேன். அவரும் இல்லைன்னு சொல்லலை."

"பையைப் பார்த்தீங்களா மேடம்?"

"வந்துட்டே இருக்குன்னார். ட்ரஸ்டிங்க படத்தைப் பார்த்துட்டு, 'ஆளு கௌரவமா இருக்கார், கொடுத்துடுங்க'ன்னுட்டாங்க." சாராள் குடத்தைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடிவிட்டது. "சாரி அக்தர். அட்வான்ஸ் கொடுத்தாச்சு. எனக்கு சாம்பார் கொட்டாத பை வந்தா போதும்."

அக்தருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தப் பேரவையை இன்றோடு தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்தார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். தலைவர் இலையில் பாதாம் அல்வாவை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். அக்தரைக் கண்டதும் இலையை விட்டே எழுந்துவிட்டார். தன் தோளில் கிடந்த பொன்னாடைகளில் ஒன்றை உருவி அக்தருக்குப் போர்த்தினார்.

"பாய்! உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். எனக்கு அறுநூறு பை வேணும். நான் பாத்திரக்காரன், எனக்குத் தைக்கத் தெரியுமா? நீங்கதான் தைக்கணும். லேபிள்ல மட்டும் நம்ம கடை பேரு."

"சார், நான் வந்தது இன்னாத்துக்குன்னா..."

"கோபம் தெரியுது. நியாயமான கோபம். அதனாலதான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். வேகக் குழுவுக்கு ஒரு நிரந்தர அமைப்பாளர் வேணும். வேகத்துக்காக இந்தப் பேரவையில முதல்ல குரல் கொடுத்தது யாரு? நீங்க. இனிமே எல்லா உறுப்பினர் பக்கத்திலயும் உங்க படம் வரும். பொருளாளர் படத்துக்கு மேல."

பேரவையை விட்டு விலகுகிறேன் என்று சொல்வதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அதிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"மேலயா?"

வீட்டில் ஷபீனா அவர் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். "தைக்கறது நம்ம கை. பேரு பாத்திரக் கடை. உங்க மூஞ்சி மட்டும் ஊர்ல இருக்கற எல்லாப் பக்கத்துலயும். இன்னாங்க இது, வெட்கமா இல்ல?" என்றாள்.

"இருக்கு ஷபீனா" என்றார் அக்தர். உண்மையில் இருந்தது. ராத்திரி சாப்பாடுகூட இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். படத்தை வாங்கிய ஆரோன், "அண்ணா, உங்களுதை மட்டுமாவது சின்ன சைஸ்ல போட்டுடட்டுமா? உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே" என்று கேட்டான். அக்தர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, பொருளாளர் படம் என்ன சைஸ் என்று விசாரித்தார்.

ஜூனில் படப்பையில் அறுநூறு பிள்ளைகள் பாத்திரக் கடைப் பெயர் பொறித்த பைகளோடு பள்ளிக்கூடம் போனார்கள். சாம்பார் கொட்டியது, புத்தகம் நனையவில்லை. சாராள் நன்றி சொல்லித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது ஃப்ரேம் போட்டுப் பாத்திரக் கடையில் மாட்டப்பட்டது. அடுத்த வருஷத்து ஆர்டரும் அவருக்கே என்று பேச்சு.

டிசம்பரில் ஒருநாள் எட்மண்ட் ஃபோன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"பாய், பெரிய கம்பெனி ஒண்ணு ஐந்நூறு கிலோ பிளம் கேக் கேட்டிருக்காங்க. என் சைட்டைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். காலையிலேர்ந்து திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். கேக் வரவே இல்லை பாய். உங்க மூஞ்சிதான் வருது. மெதுவா, நெத்தியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. கர்த்தர் பேரால கேக்கறேன், ஏதாவது செய்யுங்க."

அக்தர் தையல் மெஷினை நிறுத்தினார். ஷபீனா உள்ளறையில் இருக்கிறாளா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"படம் நல்லா விழுந்திருக்கா எட்மண்ட்?"